வதிவுரிமை யார் கையில்?

வதிவுரிமை என்பது ஒரு நாட்டில் தங்கி வாழ்வதற்குச் சட்டம் தரும் உரிமை. அது விசாவும் அன்று, பிரஜாவுரிமையும் அன்று. விசா, நாட்டின் வாசலைக் கடப்பதற்கான அனுமதி. பிரஜாவுரிமை, அந்த நாட்டுக்கே உரியவராகிவிடுதல். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பது வதிவுரிமை. எங்கள் ஊர்களில் வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேசும்போது இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. "மாப்பிளைக்குப் பேப்பர் இரிக்கி" என்றால் பேச்சு முடிந்துவிடும். என்ன பேப்பர், யாருடைய பெயரில், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பவர்கள் குறைவு.

உயர்தர அரசறிவியல் வகுப்பில் பிரஜாவுரிமை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "டீச்சர், ராத்தாக்கு ஒரு சம்பந்தம் வந்திரிக்கி. மாப்பிளை பிரான்ஸ் பாஸ்போட்டாம். ஆனா லண்டன்லதான் இரிக்காராம். அப்ப ராத்தா எந்த நாட்டுச் சட்டத்தில போற?"

நல்ல கேள்வி. ஒரு பாடவேளையில் சொல்லி முடிக்க முடியாததால் அதன் விடையை இங்கே விரித்து எழுதுகிறேன். மாணவியருக்கு இது பாடம். பெற்றோருக்கு, மகளின் காரியத்தில் வாக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை வாசிக்க வேண்டிய விடயம்.

எங்கள் கரையில் உள்ள உரிமை

முதலில் எங்கள் வாவிக் கரையிலிருந்தே தொடங்குவோம். காத்தான்குடியில் இருப்பவர் ஏறாவூரில் வீடு எடுத்து இருக்கலாம். எழுவான்கரையில் பிறந்தவர் படுவான்கரையில் போய்த் தொழில் செய்யலாம். யாரிடமும் விசா கேட்கத் தேவையில்லை. இலங்கைக்குள் எங்கும் நடமாடவும், விரும்பிய இடத்தில் வதியவும், வெளியே போனால் இலங்கைக்குத் திரும்பி வரவும் ஒவ்வொரு பிரஜைக்கும் உள்ள சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அடிப்படை உரிமையாகச் சொல்கிறது.

சட்டத்துக்கு மேலே எங்கள் பகுதிக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. கிழக்கிலங்கையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியில் குடி பார்ப்பவர்கள். மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது பெற்றோரின் கடமையாகக் கருதப்படுகிறது. உறுதி பெண்ணின் பெயரில் எழுதப்படும். கல்யாணத்தின் பின் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். இதற்காகப் பெற்றோர் படும் பாடும், வீடு கட்ட முடியாத ஏழை வீட்டுப் பெண்களின் கண்ணீரும் வேறொரு கட்டுரைக்குரியவை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். எங்கள் ஊரில் வாழும் இடம் பெண்ணின் கையில் இருக்கிறது. கணவன் மரணித்தாலும், திருமணம் முறிந்தாலும், அவள் நிற்கும் நிலம் அவளுடையது.

வெளிநாட்டுக் கல்யாணத்தில் இந்த ஒழுங்கு தலைகீழாகிறது. அங்கே அவள் தங்கும் உரிமை கணவனிடமிருந்து வருகிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு முதலாளியிடமிருந்து வருகிறது. ஆகவே ஒரு நாடு நல்ல நாடா, வசதியான நாடா என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி: தங்கும் உரிமை யார் கையில்? அந்தக் கை விலகினால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

வெளியேறலாம், நுழைவதற்கு உரிமை இல்லை

1948 டிசம்பர் 10ஆம் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரையை வாசித்துப் பாருங்கள். தன் நாட்டுக்குள் நடமாடவும் வதியவும் எவருக்கும் உரிமை உண்டு. எந்த நாட்டை விட்டும் வெளியேறவும், தன் நாட்டுக்குத் திரும்பவும் உரிமை உண்டு. ஆனால் இன்னொரு நாட்டுக்குள் நுழையும் உரிமை அங்கே சொல்லப்படவில்லை. வெளியேறும் கதவை உலகம் உரிமை என்கிறது. நுழையும் கதவின் திறப்பை அந்தந்த நாட்டின் கையிலேயே விட்டுவிடுகிறது.

அந்தக் கதவு எப்போதும் இவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரித்தானியப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ், இலங்கை உட்பட பொதுநலவாய நாடுகளின் பிரஜைகள் பிரித்தானியாவுக்குச் சென்று வாழவும் வேலை செய்யவும் முடிந்தது. 1962ஆம் ஆண்டின் பொதுநலவாயக் குடிவரவாளர் சட்டம் வந்ததும் அந்த வாசல் ஒடுங்கியது. கதவு திறந்திருந்த காலத்தில் போய்ப் பத்திரம் எடுக்காமல் வாழ்ந்த கரீபியன் நாட்டுக் குடும்பங்கள் பல, அரை நூற்றாண்டு கழித்து, "உங்கள் உரிமையை நிரூபியுங்கள்" என்று கேட்கப்பட்டன. 2018இல் வெளிச்சத்துக்கு வந்த அந்த விடயத்தை 'வின்ட்ரஷ்' விவகாரம் என்பார்கள்.

எங்கள் நாட்டிலேயே இன்னும் கசப்பான பாடம் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களில் மிகப் பெரும்பாலானோர் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைக் கணக்குப் பார்த்துப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கதி பின்னர் பார்க்கப்படும். ஓர் இடத்தில் நெடுங்காலம் வாழ்வது தானாகவே உரிமையாகிவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. வாழ்ந்த காலத்தைச் சட்டம் எண்ணினால்தான் அது உரிமையாக முதிரும்.

வாழ்ந்த காலத்தை எண்ணும் சட்டம்

அப்படி எண்ணும் சட்டங்களில் மிக விரிவானது ஐரோப்பிய ஒன்றியத்தினுடையது. 1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை, உறுப்பு நாடுகளின் தொழிலாளர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குச் சென்று வேலை செய்ய வழி செய்தது. 1992இல் ஒப்பமிடப்பட்டு 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, உறுப்பு நாட்டுப் பிரஜை ஒவ்வொருவரையும் ஒன்றியத்தின் பிரஜையாகவும் ஆக்கியது. சிதறிக் கிடந்த விதிகளை 2004 ஏப்ரல் 29ஆம் திகதிய 2004/38 இலக்கப் பணிப்புரை ஒன்றாகத் திரட்டியது. இன்று 27 உறுப்பு நாடுகளிலும், அவற்றோடு நோர்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவற்றிலும் இந்த நடமாட்ட உரிமை செல்லும். சுவிற்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2002 முதல் தனி ஒப்பந்தமொன்றின் மூலம் இதே போன்ற உரிமையைக் கொடுத்து வாங்குகிறது.

பணிப்புரை வதிவுரிமையை மூன்று படிகளாக வகுக்கிறது.

முதற்படி, மூன்று மாதம் வரை. கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கையில் இருந்தால் போதும்.

இரண்டாம் படி, மூன்று மாதத்துக்கு மேல். அப்பிரஜை அங்கே வேலை செய்பவராக அல்லது சொந்தத் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். அல்லது, அந்த நாட்டின் உதவிப் பணத்தில் தங்கியிராத அளவு வருமானமும் முழுமையான மருத்துவக் காப்புறுதியும் உள்ளவராக இருக்க வேண்டும். மாணவருக்கும் இடமுண்டு, அவருக்கும் காப்புறுதி வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்தவர் தன் குற்றமின்றி வேலையை இழந்து, வேலை தேடுபவராகப் பதிந்துகொண்டால், தொழிலாளர் என்ற நிலையை அவர் இழப்பதில்லை.

மூன்றாம் படி, சட்டப்படி தொடர்ந்து ஐந்து வருடம் வாழ்ந்த பின் வரும் நிரந்தர வதிவுரிமை. அதன் பிறகு வருமானக் கேள்வி இல்லை. வருடத்தில் ஆறு மாதத்துக்கு மேற்படாமல் வெளியே போய் வந்தால் இந்த ஐந்து வருடக் கணக்கு அறுபடாது. பிரசவம், கடும் நோய், படிப்பு போன்ற முக்கிய காரணங்களுக்காக ஒரு தடவை பன்னிரண்டு மாதம் வரை விலகியிருக்கவும் இடமுண்டு. தலைப்பிள்ளைப் பேறுக்கு உம்மா வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். அப்படி வரும் பெண் இந்த விதியை அறிந்திருப்பது நல்லது. நிரந்தர உரிமை கிடைத்த பின், தொடர்ச்சியாக இரண்டு வருடத்துக்கு மேல் அந்த நாட்டில் இல்லாதிருந்தால் அது போய்விடும்.

தமிழர் கண்ட வழி

1983இன் பின் போரினால் இடம்பெயர்ந்து ஐரோப்பா சென்ற இலங்கைத் தமிழர் பலர் ஜேர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க், நோர்வே, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளில் அகதிகளாகப் பதிந்தார்கள். அகதிக்கு அடைக்கலம் தந்த நாட்டில் மட்டுமே இடம். தான் விரும்பிய இன்னொரு நாட்டில் போய்க் குடியிருக்க முடியாது. வருடங்கள் சென்று அந்தந்த நாட்டின் பிரஜாவுரிமை கிடைத்ததும் நிலைமை மாறியது. நேற்று வரை ஒரு நகரத்தை விட்டு வெளியேறவே அனுமதி கேட்டவர்கள், இன்று ஐரோப்பா முழுவதும் வதியும் உரிமை பெற்றார்கள்.

அவர்களில் கணிசமானோர் 1990களின் பிற்பகுதியிலிருந்து பிரித்தானியாவுக்கு இடம் மாறினார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்ற ஆசை, லண்டனில் இருந்த உறவினர், சொந்தமாகக் கடை வைக்கும் வாய்ப்பு ஆகியவை காரணம். லண்டனின் புறநகர்களிலும் லெஸ்டரிலும் டச்சும் ஜேர்மனும் பிரெஞ்சும் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் வந்து சேர்ந்தது இப்படித்தான். அவர்கள் பிரித்தானிய அரசிடம் விசா கேட்கவில்லை. தம்மிடமிருந்த உரிமையைப் பயன்படுத்தினார்கள்.

பின்னர் அந்த வாசலும் மூடியது. 2016 ஜூன் 23ஆம் திகதி பிரித்தானிய மக்கள் ஒன்றியத்திலிருந்து விலக வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31இல் நாடு விலகியது. மாறுதல் காலமும் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. அதற்கு முன் அங்கே குடியிருந்தவர்கள் தனித் திட்டமொன்றின் கீழ் விண்ணப்பித்துத் தம் நிலையைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது. விண்ணப்பத்தின் இறுதித் திகதி 2021 ஜூன் 30. ஐந்து வருடம் நிரம்பியவருக்கு நிரந்தர நிலை, நிரம்பாதவருக்குத் தற்காலிக நிலை. விண்ணப்பிக்காதவர், எத்தனை வருடம் அங்கே வரி கட்டியிருந்தாலும், உரிமையற்றவராக நிற்கும் ஆபத்து இருந்தது.

ஒரே மாப்பிள்ளை, மூன்று ஊர்கள்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். மாப்பிள்ளை பிரான்ஸ் பிரஜை. பெண் இலங்கைப் பிரஜை. மாப்பிள்ளை வாழும் ஊரைப் பொறுத்து விடை மாறும்.

அவர் பாரிஸில் வாழ்ந்தால், பெண் பிரான்ஸின் உள்நாட்டுச் சட்டப்படியே போக வேண்டும். ஒன்றியத்தின் நடமாட்டச் சட்டம், தன் நாட்டை விட்டு இன்னொரு உறுப்பு நாட்டுக்கு நடமாடியவரைப் பற்றியே பேசுகிறது. சொந்த நாட்டில் இருப்பவர் நடமாடவில்லையல்லவா?

அவர் நெதர்லாந்தில் வேலை செய்து வாழ்ந்தால், பெண் நடமாட்டச் சட்டத்தின் கீழ் வருகிறாள். குடும்பத்தவர் என்ற முறையில் அவளுக்கு நுழைவு விசா கட்டணமின்றி, விரைவாகக் கொடுக்கப்பட வேண்டும். ஐந்து வருடத்துக்கு வதிவு அட்டை கிடைக்கும். வேலை செய்யவும் உரிமை உண்டு. அதே தெருவில் வாழும் டச்சுப் பிரஜை ஒருவர் இங்கிருந்து பெண் எடுத்தால், அவளோ 2006 முதல் உள்ள விதிப்படி, புறப்படுமுன் டச்சு மொழி, சமூகம் பற்றிய பரீட்சையில் சித்தியடைய வேண்டும். சொந்த நாட்டவரின் மனைவிக்குக் கடினம், அயல் நாட்டவரின் மனைவிக்கு இலகு என்ற இந்த விசித்திரம் பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் அதுதான் சட்டம்.

அவர் லண்டனில் வாழ்ந்தால், கல்யாண உறவு 2020 டிசம்பர் 31க்கு முன் ஏற்பட்டதா, பின் ஏற்பட்டதா என்று பார்க்க வேண்டும். முன் ஏற்பட்டு, அவரும் தன் நிலையைப் பதிந்து வைத்திருந்தால், பெண் பழைய உரிமையின் தொடர்ச்சியாக அவரோடு சேர விண்ணப்பிக்கலாம். இன்று பேசி முடிக்கும் கல்யாணமாக இருந்தால் பிரித்தானியாவின் பொதுவான துணைவர் விதிகளே பொருந்தும்: பெண்ணுக்கு ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும், குடும்பத்துக்குக் குறித்த வருமானம் காட்ட வேண்டும். 2012இல் வருடத்துக்கு 18,600 பவுணாக இருந்த அந்தத் தொகை 2024 ஏப்ரலில் 29,000 பவுண் ஆனது. மாப்பிள்ளை தன் நிலையையே பதியாமல் இருந்தால், மனைவியை அழைக்கும் பேச்சுக்கே இடமில்லை. ராத்தாவின் சம்பந்தத்தில் "பிரான்ஸ் பாஸ்போட்" என்ற வார்த்தை அரைவாசிச் செய்திதான். மீதி அரைவாசி, லண்டனில் அவருடைய நிலை என்ன என்பது.

சொந்த நாட்டில் இருப்பவருக்கு நடமாட்டச் சட்டம் உதவாது என்றேன். அதற்கு ஒரு விலக்கும் உண்டு. சுரிந்தர் சிங் என்ற இந்தியர் 1982இல் பிரித்தானியப் பெண்ணொருவரை மணந்தார். இருவரும் 1983 முதல் 1985 வரை ஜேர்மனியில் வேலை செய்துவிட்டுத் தொழில் தொடங்க இங்கிலாந்துக்குத் திரும்பினார்கள். அவருடைய வழக்கில் 1992 ஜூலை 7ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: இன்னொரு உறுப்பு நாட்டில் வேலை செய்துவிட்டுச் சொந்த நாடு திரும்பும் பிரஜையின் துணைவருக்கும் நடமாட்டச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஒன்றிய நாடுகளில் அந்தத் தீர்ப்பு இன்றும் வழிகாட்டி.

கை விலகினால்

மனைவியின் வதிவுரிமை கணவனிடமிருந்து வருகிறது என்றேன். அவர் மரணித்தால்? மணவிலக்கு நிகழ்ந்தால்? ஐரோப்பியப் பணிப்புரையின் சிறப்பு, இந்தக் கேள்விகளைக் கேட்டு விடையும் எழுதி வைத்திருப்பதுதான்.

கணவர் மரணிப்பதற்கு முன் குறைந்தது ஒரு வருடம் அவள் அந்த நாட்டில் அவருடைய குடும்பத்தவராக வாழ்ந்திருந்தால் உரிமை தொடரும். மணவிலக்கு வழக்குத் தொடங்கும்போது கல்யாணம் முடிந்து குறைந்தது மூன்று வருடமாகி, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால் உரிமை தொடரும். பிள்ளையின் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தாலும், வீட்டு வன்முறைக்கு அவள் ஆளாகியிருந்தாலும், மூன்று வருடம் நிரம்பாமலே உரிமை தொடர வழியுண்டு. ஆனால் நிரந்தர உரிமை கிடைக்கும்வரை அவள் தன் காலில் நிற்பதைக் காட்ட வேண்டும்: வேலை, சொந்தத் தொழில், அல்லது போதிய வருமானமும் காப்புறுதியும். மொழி தெரியாமல், வேலை தெரியாமல், வீட்டுக்குள்ளேயே வருடங்களைக் கழித்தவளுக்குச் சட்டம் திறந்து வைத்த கதவும் பாதிதான் திறக்கும். படிப்பை முடித்துவிட்டுப் போங்கள் என்று உங்கள் ஆசிரியைகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், மகள்மாரே.

இன்னொரு விடயம். இந்த உரிமைகள் எல்லாவற்றுக்கும் அடி, திருமணப் பதிவு. எங்கள் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில், பதிவில்லை என்ற காரணத்தால் மட்டும் நிக்காஹ் செல்லாமற் போவதில்லை. ஆனால் தூதரக அலுவலர் கேட்பது பதிவுப் பத்திரத்தை. அந்தச் சட்டம் பதிவுக்கு மணமகனின் ஒப்பத்தையும் மணமகளின் வலியின் ஒப்பத்தையும் கேட்கிறது. மணமகளின் ஒப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. தான் ஒப்பமிடாத ஒரு பத்திரத்தில்தான் அவளுடைய வெளிநாட்டு வாழ்க்கை தங்கியிருக்கிறது. ஆகவே கல்யாணம் முடிந்த அதே வாரத்தில் அதன் பிரதியை எடுத்து, பெயரும் பிறந்த திகதியும் கடவுச்சீட்டோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகின்றனவா என்று அவளே பார்த்து, ஒன்றைத் தன்னிடமும் ஒன்றை உம்மாவிடமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்காமாவின் கணக்கு

எங்கள் பகுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர்களை விட வளைகுடாவுக்குப் போனவர்கள் அதிகம். அவர்களில் வீட்டுப்பணிக்குப் போன தாய்மாரும் ராத்தாமாரும் உழைத்த காசில் எழுந்த வீடுகள் எங்கள் ஒழுங்கைகளில் நிற்கின்றன. அவர்களுடைய வதிவுரிமையின் பெயர் அக்காமா. அக்காமா கபீலோடு கட்டப்பட்டது. கபீல் விரும்பினால் புதுப்பிப்பார். அவரை விட்டு ஓடிவிட்டாள் என்று 'ஹுரூப்' பதிந்தால், அவளுடைய சட்டப்படியான நிலையே ஆபத்துக்குள்ளாகும். பத்து வருடம் உழைத்தாலும் அந்தக் காலம் அவள் பெயரில் சேர்வதில்லை. ஐரோப்பியச் சட்டம் வருடங்களை எண்ணுகிறது. அக்காமா ஒவ்வொரு தடவையும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

வளைகுடாவுக்குச் சுதந்திர நடமாட்டம் தெரியாததல்ல. வளைகுடா ஒத்துழைப்புச் சபையின் ஆறு நாடுகளும் 2001 பொருளாதார உடன்படிக்கையில் தம் பிரஜைகளுக்கு அதை வாக்களித்தன. 2008இல் பொதுச் சந்தையையும் தொடங்கின. குவைத் பிரஜை ஒருவர் சவூதியில் வதியலாம், வேலை செய்யலாம். அவர் வீட்டில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பெண் கபீலின் சம்மதமின்றி அடுத்த வீட்டுக்குக் கூட எளிதில் மாற முடியாது. ஒரே கூரையின் கீழ் இரண்டு சட்டங்கள்.

மாற்றங்கள் நடக்கின்றன. கட்டாரில் 2020இல், பழைய முதலாளியின் ஆட்சேபனையின்மைக் கடிதம் இல்லாமலே வேலை மாறச் சட்டம் இடமளித்தது; வீட்டுப் பணியாளரும் அதில் அடங்குவர். சவூதி 2021 மார்ச்சில் கொண்டுவந்த சீர்திருத்தமோ வீட்டுப் பணியாளரைச் சேர்க்கவில்லை. எனவே "வளைகுடா" என்று பொதுவாகப் பேசாமல், எந்த நாடு, எந்தத் தொழில் வகை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து செல்வது அதன் முதற்படி.

திரும்பி வரும் உரிமை

வெளிநாட்டுப் பிரஜாவுரிமை கிடைத்தால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறோம். இலங்கைச் சட்டப்படி, வேறு நாட்டுப் பிரஜாவுரிமையைப் பெறுபவர், இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்ளாவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமையை இழப்பார். இரட்டைப் பிரஜாவுரிமைக்கான ஏற்பாடு 1987இல் வந்தது. போகும் நாடும் அதை ஏற்க வேண்டும். ஜேர்மனி நெடுங்காலம் பழைய பிரஜாவுரிமையைக் கைவிடக் கேட்டது. 2024 ஜூன் 27 முதல்தான் அந்த நிபந்தனையை நீக்கியது.

14ஆம் உறுப்புரை தரும் திரும்பி வரும் சுதந்திரம் பிரஜைக்குரியது. அதை இழந்தவள் தன் உம்மாவைப் பார்க்க வருவதற்கும் விசா எடுக்க வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதையும் மட்டுப்படுத்தியுள்ளது. அதில் சில விதிவிலக்குகள் உண்டு. மகளுக்கென்று வைத்திருக்கும் வளவுக்கு உறுதி எழுதுவதை, அவள் பிரஜாவுரிமை மாற்றும் வரை தள்ளிப் போடாமல் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுச் செய்வது புத்தி.

பெற்றோர் கேட்க வேண்டிய ஐந்து

1. மாப்பிள்ளையிடம் இருப்பது பிரஜாவுரிமையா, நிரந்தர வதிவுரிமையா, தற்காலிக அனுமதியா? திகதியோடு பத்திரத்தைப் பார்த்தீர்களா?

2. அவர் பிரஜையாக உள்ள நாடும் வாழும் நாடும் ஒன்றா, வேறா?

3. மகளின் உரிமை எந்தச் சட்டத்தின் கீழ் வரும்? மொழிப் பரீட்சை உண்டா, வருமானம் காட்ட வேண்டுமா? இந்தத் தொகைகளும் விதிகளும் மாறுபவை. விண்ணப்பிக்கும் மாதத்தில் உள்ளதைப் பார்க்க வேண்டும்.

4. மரணமோ மணவிலக்கோ நேர்ந்தால் அவள் அங்கே தங்க முடியுமா? எத்தனை வருடத்தின் பின்?

5. கடவுச்சீட்டும் வதிவு அட்டையும் திருமணப் பத்திரமும் யார் கையில் இருக்கும்?

இவற்றைக் கேட்பது சம்பந்தத்தைச் சந்தேகிப்பதாகாது. மஹரைப் பேசி எழுதுகிறோம், வீட்டுக்கு உறுதி எழுதுகிறோம். மகள் வாழப்போகும் நாட்டில் அவளுக்குள்ள இடத்தையும் அதே போல் பேசித் தெளிவாக்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். நல்ல மாப்பிள்ளை இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்; பத்திரத்தை எடுத்துக் காட்டுவார்.

மாணவியருக்குப் பயிற்சி

1. விசா, வதிவுரிமை, பிரஜாவுரிமை ஆகிய மூன்றையும் உங்கள் ஊர் உதாரணங்களோடு வேறுபடுத்துக.

2. உலக மனித உரிமைகள் பிரகடனத்தின் 13ஆம் உறுப்புரையில் சொல்லப்படாத உரிமை எது? அது ஏன் சொல்லப்படவில்லை என்று நினைக்கிறீர்கள்?

3. ஜேர்மன் பிரஜை ஒருவர் பெர்லினில் வாழ்கிறார். இன்னொருவர் டென்மார்க்கில் வேலை செய்கிறார். இருவரும் ஏறாவூரில் பெண் எடுக்கிறார்கள். இரு பெண்களின் வதிவுரிமையையும் ஒப்பிடுக.

4. "அக்காமா காலத்தை எண்ணுவதில்லை" என்ற கூற்றை விளக்குக.

5. உங்கள் வீட்டு உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது? அந்த வீட்டில் வதிவதற்கு உங்கள் வாப்பாவுக்கு உள்ள உரிமை எவ்வகையானது? வீட்டில் கேட்டு, அவருடைய சம்மதத்தோடு எழுதி வருக.